நாலு நம்பர் அக்காவிடம்

போன ஆவணியில் அம்மாவுக்கு வலது கண்ணில் கண்புரை எடுத்தோம். ஆபரேஷன் என்னவோ சீக்கிரம் முடிந்துவிட்டது, அதற்கப்புறம் சொட்டு மருந்து போடுவதுதான் பெரிய வேலை. முதல் வாரம் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, இப்படி வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பகலில் மனைவி போட்டுவிடுவாள், ராத்திரி பத்து மணிச் சொட்டு என் பொறுப்பு.

ஐந்தாவது நாள் ராத்திரி. சாப்பிட்டுவிட்டு ஒன்பதேகாலுக்கு ஹாலில் உட்கார்ந்து போனை எடுத்தேன். பத்து மணிக்கு அலாரம் அடித்தது, நிறுத்தினேன், இந்த ஒரு வீடியோ முடியட்டும் என்று நினைத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. தலையைத் தூக்கியபோது மணி பதினொன்று நாற்பது. உள்ளே ஓடிப் பார்த்தால் அம்மா கறுப்புக் கண்ணாடியோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மருந்துக் குப்பி, கையில் நாலாக மடித்த வெள்ளைத் துணி. "ஏம்மா கூப்பிடலை?" என்றேன். "ஏதோ ஆபீஸ் வேலையா பாத்துக்கிட்டு இருக்கியேன்னு இருந்துட்டேன்ப்பா" என்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தது யாரோ ஒருவர் மலைப்பாதையில் லாரியைத் திருப்புவதை. அதற்கு முன்னால் என்ன பார்த்தேன் என்று அப்போதே ஞாபகம் இல்லை.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு வேளை தள்ளிப்போனதோடு சரி. ஆனால் அந்தத் துணியை மடித்து வைத்துக்கொண்டு அவர் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது என்னை விட்டுப் போகவே இல்லை. அன்றைக்கே போன் பார்க்கிற நேரத்துக்கு லிமிட் போட்டேன். மூன்றாம் நாளே அதைத் தாண்டினேன். அதற்கப்புறம் நாலைந்து மாதம் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் லிமிட் போடுவது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், போட்ட லிமிட் ஏன் நிற்கவில்லை என்று கேட்டால் எல்லாரும் "மன உறுதி வேணும்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு மன உறுதி இல்லாமல் இல்லை. தினமும் ஐந்தரைக்கு எழுந்து கடைத்தெரு போய் வருகிறவன், ஆடிட்டர் ஆபீஸில் மார்ச் மாதம் முழுக்க ராத்திரி ஒன்பது வரை உட்காருகிறவன். கோளாறு பூட்டில் இருந்தது.

என்னுடையது ஆண்ட்ராய்டு போன். அதோடு வரும் டிஜிட்டல் வெல்பீயிங்கில் போய் ரீல்ஸ் பார்க்கிற ஆப்புக்கு அரை மணி நேரம் என்று வைத்தேன். அரை மணி ஆனதும் ஆப் மூடிக்கொள்ளும், ஐகான் சாம்பல் நிறமாகிவிடும். முதல் இரண்டு நாள் அந்தச் சாம்பலைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்தேன். மூன்றாம் நாள் செட்டிங்ஸ் போனேன், மணல் கடிகாரப் படத்தைத் தொட்டேன், டைமரை நீக்கினேன், திரும்ப வந்தேன். மொத்தமாகப் பத்து விநாடிதான் ஆகியிருக்கும். பாஸ்வேர்டு கேட்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது, உனக்கு நீயே ஞாபகப்படுத்திக்கொள்ள ஒரு மணி அடிக்கிறேன் என்பதுதான் அதன் கணக்கு. நான்தான் மணியைப் பூட்டு என்று நினைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு டைமரை நீக்கக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கொண்டேன், அதைக் காப்பாற்றவும் செய்தேன். ஆனால் விரல் வேறு வழி கண்டுபிடித்தது. ஆப் மூடியிருந்தால் என்ன, அதே தளம் பிரவுசரில் திறக்கிறது. அது வேண்டாம் என்றால் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது யூடியூப் லிங்க் போட்டிருப்பார்கள், அதை வாட்ஸ்அப்புக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டியில் பார்த்துவிடலாம், அந்த நேரம் வாட்ஸ்அப் கணக்கில்தான் ஏறும். எல்லாவற்றையும் விட மோசம் நள்ளிரவு. இந்த டைமர்கள் பன்னிரண்டு மணிக்குப் புதுசாகத் தொடங்கும். பதினொன்று ஐம்பதுக்கு லிமிட் தீர்ந்தால் பத்து நிமிஷம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, பன்னிரண்டு அடித்ததும் அடுத்த நாள் அரை மணியை எடுத்துச் செலவழித்திருக்கிறேன். கடன் வாங்குகிற மாதிரி. ஒரு நாளைக்கு இத்தனை நிமிஷம் என்ற கணக்கு ராத்திரிக்கு உதவவே உதவாது, ராத்திரிக்கு இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்ற கணக்குத்தான் வேண்டும். இது புரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

அப்புறம் இன்னொரு பெரிய ஓட்டை. ஒரு ஆப்பைப் பூட்டினால் கை அடுத்த ஆப்புக்குப் போகிறது. இதை நம் நாடு மொத்தமும் ஒரு தடவை அனுபவித்திருக்கிறது. 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலை முதல் பாதியிலேயே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்துவிட்டது, ஷார்ட்ஸை முதலில் சோதித்துப் பார்த்ததே இந்தியாவில்தான். ஒரு நாட்டுக்கே நடந்தது ஒரு கட்டை விரலுக்கு நடக்காதா? நான் இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் லிமிட் போட்ட வாரத்தில் என் யூடியூப் நேரம் இரட்டிப்பானது, இரண்டையும் பூட்டிய வாரத்தில் ஃபேஸ்புக். ஃபேஸ்புக்கை நான் இரண்டு வருடமாகத் திறந்ததே இல்லை, பாஸ்வேர்டு மறந்து, ஓடிபி போட்டுப் புதுசாக்கி உள்ளே போனேன். அதனால் லிமிட் போடுகிறவர்கள் ஒரு ஆப்பை எண்ணாதீர்கள், உருட்டிக்கொண்டே பார்க்கிற எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அந்த மூட்டைக்கு ஒரு நேரம் வையுங்கள்.

முன்னெல்லாம் நமக்கு வேறொரு பூட்டு இருந்தது, அதற்கு நாம் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்னால் ஒரு ஜிபி டேட்டாவை ஒரு மாதம் முழுக்க வைத்து ஓட்டினோம். வீடியோ தானாக ஓடினால் பதறிப்போய் நிறுத்துவோம். பேக் தீர்ந்தால் தீர்ந்ததுதான், கடைக்குப் போய் டாப்-அப் போட வேண்டும், கடை ஒன்பது மணிக்குச் சாத்திவிடும். இப்போது தினம் இரண்டு ஜிபி, ராத்திரி பன்னிரண்டுக்கு மறுபடி இரண்டு. அந்தப் பழைய காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அம்மாவின் மருந்துச் சீட்டை டாக்டருக்கு அனுப்புவதே இந்த டேட்டாவில்தான். ஆனால் டேட்டா தீர்ந்தபோது கடைக்கு நடந்தோமே, அந்த நடையைத்தான் நான் இப்போது கையால் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு மண் உண்டியல் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் திருவிழாக் கடையில் அம்மா எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு மண் உண்டியல் வாங்கித் தருவார். மூடி கிடையாது, திறப்பு கிடையாது, காசு வேண்டுமென்றால் உடைக்க வேண்டும், உடைத்தால் வீடே கேட்கும். நான் உடைக்காமல் எடுக்கப் பழகினேன். உண்டியலைத் தலைகீழாகப் பிடித்து, அந்தப் பிளவுக்குள் விளக்குமாற்று ஈர்க்குச்சியைச் செருகி, ஒரு காசு குச்சியின் மேல் ஏறிச் சறுக்கி வரும் வரை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தால் இரண்டு ஐம்பது காசு வரும். கை வலிக்கும், பாதியில் அக்கா வந்துவிடுவாள். வருடக் கடைசியில் உடைத்தபோது அதில் காசு இருந்தது, அதுதான் விஷயம். அடுத்த வருடம் பிளாஸ்டிக் உண்டியல் வாங்கினோம், அடியில் திருகு மூடி, அதில் ஒரு ரூபாய் தங்கியதில்லை. மண் உண்டியலையும் தாண்ட வழி இருந்தது, ஆனால் அந்த வழி மெதுவாக இருந்தது, அலுப்பாக இருந்தது, யாராவது பார்த்துவிடும்படி இருந்தது. போனிலும் இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. தாண்டவே முடியாத பூட்டு எதுவும் உங்கள் சொந்தப் போனில் கிடையாது, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தாண்டுவதற்கு ஒரு மத்தியானம் ஆகிற பூட்டு இருந்தால் போதும்.

இது என் கற்பனை மட்டுமில்லை. பிலிப்பைன்ஸில் மிண்டனாவோ தீவில் ஒரு சின்ன வங்கி, தான் நினைத்தபோது பணம் எடுக்க முடியாத சேமிப்புக் கணக்கு ஒன்றை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து 2006-இல் கட்டுரை எழுதினார்கள். வேண்டுமா என்று கேட்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேர் தாங்களாகவே அந்தப் பூட்டை ஏற்றுக்கொண்டார்கள். அதோடு வீட்டுக்கு ஒரு உண்டியல் பெட்டியும் வாங்கிக்கொள்ளலாம், பெட்டி வீட்டில், சாவி வங்கியில். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அப்படிக் கேட்கப்பட்டவர்களின் சேமிப்பு, கேட்கப்படாதவர்களை விட 81 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பெட்டி வீட்டில், சாவி வங்கியில். என் போனில் பெட்டியும் என்னிடம், சாவியும் என்னிடம்.

சரி, சாவியை யாரிடம் கொடுப்பது? முதலில் மனைவியிடம்தான் கொடுத்தேன், அது தப்பு. பூட்டு போடுகிற ஆப் ஒன்றை இறக்கி, அவள் ஒரு பின் நம்பர் வைத்தாள். முதல் வாரமே ராத்திரி பத்தரைக்கு "கொஞ்சம் திறந்து குடேன், ஒரே ஒரு விஷயம் பாக்கணும்" என்று நான் போய் நிற்க, அவள் பகல் முழுக்க வேலை பார்த்த களைப்பில் "என்னங்க இது, உங்களோட" என்று சொல்லிக்கொண்டே அடித்துக் கொடுத்துவிட்டாள். இரண்டாம் வாரம் முடியாது என்றாள், எனக்குக் கோபம் வந்தது. பூட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. கணவன் மனைவிக்குள் இந்தச் சாவியைக் கொடுக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். ஒரே வீட்டில் இருப்பவர் காவல்காரர் ஆகிவிடுகிறார், அது அவருக்குச் செய்கிற அநியாயம்.

அக்கா கும்பகோணத்தில் இருக்கிறாள், நான் தஞ்சாவூரில். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தீபாவளிக்கு வந்திருந்தபோது அம்மாவின் கதையைச் சொல்லி, "நாலு நம்பர் நீ போடு, எங்கிட்ட சொல்லாதே" என்றேன். அவள் அப்போது முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அவள் பையன், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவன், பக்கத்திலேயே நின்றுகொண்டு, "மாமா, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றான். திரும்பிக்கொண்டேன். அடித்து முடித்ததும் "அம்மா, எண்ணெய்க் கை, ஸ்கிரீன்ல நாலு இடத்துல தடம் இருக்கு பாரு" என்றான். அவள் முந்தானையாலேயே ஸ்கிரீனை நன்றாகத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். எந்த நாலு எண் என்று தெரிந்தால் 24 தடவை முயற்சித்தால் திறந்துவிடலாம் என்று அவன் எனக்குக் கணக்குச் சொன்னான். அவனுக்கு இதெல்லாம் அத்துப்படி, அவன் போனில் இரண்டு வருடமாக ஃபேமிலி லிங்க், பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்துகிற கூகுள் ஆப், இருக்கிறது.

அந்தப் பையன்தான் என் போனில் இருந்த மற்ற ஓட்டைகளையும் அடைத்தான். பூட்டுகிற ஆப்புக்கு ஆண்ட்ராய்டில் இரண்டு அனுமதி வேண்டும். அக்சஸிபிலிட்டி என்ற அனுமதியை வைத்து நீங்கள் எந்த ஆப்பைத் திறக்கிறீர்கள் என்று அது தெரிந்துகொள்ளும். டிவைஸ் அட்மின் என்ற அனுமதி இருந்தால்தான் அதை நீங்கள் சட்டென்று அன்இன்ஸ்டால் செய்ய முடியாது. ஆப்-பிளாக் (AppBlock), ஸ்டே ஃபோகஸ்டு போன்ற பூட்டுகிற ஆப்களில் கண்டிப்பான முறை என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் இந்த அனுமதிகளை ரத்து செய்கிற செட்டிங்ஸ் பக்கத்தையே சேர்த்துப் பூட்டலாம். நான் இதைச் செய்யாமல்தான் முதலில் கோட்டை விட்டேன், ஆப்பைப் பூட்டிவிட்டு, பூட்டைக் கழற்றுகிற இடத்தைத் திறந்து வைத்திருந்தேன். இன்னொன்று, பல போன்களில் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னால் ஓடுகிற ஆப்களை போனே நிறுத்திவிடும், பூட்டும் அதோடு செத்துவிடும். அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். அக்சஸிபிலிட்டி அனுமதி சாதாரண அனுமதி இல்லை, ஸ்கிரீனில் தெரிவதை எல்லாம் அந்த ஆப் படிக்க முடியும். அதனால் கண்ட இடத்தில் கிடைக்கிற ஏபிகே, அதாவது ஸ்டோருக்கு வெளியே கிடைக்கிற ஆப் கோப்பு, எதையும் இறக்காதீர்கள். ப்ளே ஸ்டோரில் பல வருடமாக இருக்கிற, நிறைய பேர் பயன்படுத்துகிற ஆப்பாகப் பார்த்து எடுங்கள். சில வங்கி ஆப்கள் இந்த அனுமதி ஓடிக்கொண்டிருந்தால் எச்சரிக்கை காட்டும், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மருமகனிடம் "இப்ப தாண்டு பாப்போம்" என்று கொடுத்தேன். பிரவுசர் பார்த்தான், இல்லை. செட்டிங்ஸ், இல்லை. தேதியை மாற்றப் பார்த்தான், அந்தப் பக்கமும் பூட்டியிருந்தது. அப்புறம் போனை அணைத்து சேஃப் மோடில் திறந்தான். அதில் வெளியிலிருந்து இறக்கிய ஆப் எதுவும் ஓடாது, பூட்டும் ஓடாது, உள்ளே போய் அதைக் கழற்றிவிடலாம். "இது மட்டும் முடியும் மாமா, ஆனா ரெண்டு மூணு நிமிஷம் ஆகும்" என்றான். நான் விட்டுவிடச் சொன்னேன். ஈர்க்குச்சி போகிற அளவு ஓட்டை இருக்கட்டும். போனை அணைத்து, சேஃப் மோடுக்குப் போய், அனுமதிகளைக் கழற்றி, மறுபடி திறந்து, இவ்வளவும் செய்து ரீல்ஸ் பார்க்க வேண்டுமா என்று நடுவில் நாலு தடவை யோசித்துவிடுவேன்.

அந்த யோசிக்கிற இடைவெளிக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒன் செக் என்று ஒரு ஆப், நீங்கள் திறக்கப்போகிற ஆப்புக்கு முன்னால் குறுக்கே வந்து ஒரு மூச்சு இழுத்து விடச் சொல்லும், அப்புறம் உள்ளே போக வேண்டுமா என்று கேட்கும், அவ்வளவுதான் அதன் வேலை. ஜெர்மனியில் அதை ஆறு வாரம் ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள், ஆய்வாளர்களில் ஒருவர் அந்த ஆப்பைச் செய்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். திறக்கப்போனவர்கள் 36 சதவீதத் தடவை அந்த இடத்திலேயே மூடிவிட்டார்கள். ஆறு வாரம் போனபின் திறக்கப் போவதே முதல் வாரத்தை விட 37 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு மூச்சுக்கே இது என்றால், கும்பகோணத்துக்கு ஒரு போன் கால் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

எதைப் பூட்டக் கூடாது என்பதும் முக்கியம், இதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். ஒரு டப்பாவில் போனைப் போட்டு நேரம் வைத்துப் பூட்டுகிற பெட்டி எல்லாம் வெளிநாட்டில் விற்கிறார்கள், நம் ஊரில் அது நடக்காது. டீக்கடையில் பத்து ரூபாய்க்கு ஜிபே, காஸ் சிலிண்டர்காரருக்கு ஓடிபி, ராத்திரி அம்மாவுக்கு ஏதாவது என்றால் ஆட்டோ. போன்தான் பர்ஸ், போன்தான் சாவிக்கொத்து. நான் முதல் வாரம் உற்சாகத்தில் வாட்ஸ்அப்பையும் ராத்திரிக்குப் பூட்டினேன், ஜிஎஸ்டி கடைசித் தேதி அன்று கிளையண்ட் ஒருவர் பில் அனுப்பிவிட்டுக் காத்திருந்திருக்கிறார். அவசியமானதைப் பூட்டினால் நியாயமான காரணத்துக்காக ஒரு நாள் பூட்டைக் கழற்றுவீர்கள், கழற்றியதை அப்புறம் திரும்பப் பூட்ட மாட்டீர்கள். பூட்டு சின்னதாக இருக்க வேண்டும், அந்தச் சின்ன இடத்தில் மட்டும் கல் மாதிரி இருக்க வேண்டும். இப்போது எனக்கு ராத்திரி ஒன்பதரை முதல் காலை ஆறு வரை ரீல்ஸ், ஷார்ட்ஸ் வருகிற யூடியூப், ஃபேஸ்புக், எல்லா பிரவுசரும் கிடையாது. மற்ற எல்லாம் உண்டு.

யூடியூப் பகலில் வேண்டியிருக்கிறது, வருமான வரி போர்ட்டலில் ஏதாவது மாறினால் அதில்தான் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். அதனால் பகலில் அதற்குப் பூட்டு போடாமல் பார்வை வரலாற்றை மட்டும் அணைத்து, பழையதையும் அழித்துவிட்டேன். 2023-இலிருந்து அப்படிச் செய்தால் முகப்புப் பக்கம் வெறுமையாக வருகிறது, சிபாரிசு எதுவும் இல்லை, ஒரு தேடல் பெட்டி மட்டும். முதலில் திறந்தபோது கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருந்தது. இந்த மாற்றத்துக்கு ஒரு நம்பரும் வேண்டியதில்லை, என் வரையில் இதுதான் எல்லாவற்றிலும் லாபமான வேலை.

மனைவியிடம் இருப்பது ஐபோன், என்னைப் பார்த்து அவளும் போட்டாள். அதில் ஸ்கிரீன் டைம் 2018-இல் ஐஓஎஸ் 12-உடன் வந்தது, தனியாக நாலு இலக்க பாஸ்கோடு வைக்கலாம், இது நல்ல விஷயம். ஆனால் பாஸ்கோடு போட்டாலும் லிமிட் முடிகிற இடத்தில் தடு என்ற பொத்தானைத் தனியாகப் போட வேண்டும், பிளாக் அட் எண்ட் ஆஃப் லிமிட் என்று இருக்கும். அதைப் போடாவிட்டால் இன்னும் பதினைந்து நிமிஷம், இன்றைக்கு விட்டுவிடு என்று இரண்டு வாசல் திறந்தே இருக்கும். அடுத்தது, பாஸ்கோடு வைக்கும்போது மறந்துபோனால் மீட்க ஒரு ஆப்பிள் கணக்கைக் கேட்கும். அங்கே உங்கள் கணக்கைக் கொடுத்தால் பூட்டுக்குப் பக்கத்திலேயே மாற்றுச் சாவியைத் தொங்கவிட்ட கதைதான். சாவி வைத்திருப்பவரின் கணக்கைக் கொடுக்க வேண்டும், அவள் தன் தங்கையினுடையதைக் கொடுத்தாள். ராத்திரிக்கு டவுன்டைம், குறித்த மணியிலிருந்து குறித்த மணி வரை ஆப்களை மூடி வைக்கிற வசதி. உள்ளடக்கக் கட்டுப்பாடுகள் பகுதியில் ஆப் இறக்குவது, நீக்குவது, கணக்கை மாற்றுவது மூன்றையும் நிறுத்தினோம். ஒரு நிமிஷம் மட்டும் என்ற பொத்தான் அப்படியும் வரும், ஒரு நாளைக்கு ஒரு தடவை. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

எத்தனை நாளைக்கு என்று அக்கா கேட்டாள். ஒரு மண்டலம், 48 நாள் என்றேன். எங்கள் ஆபீஸில் ஒருவர் இருக்கிறார், சாயந்திரம் ஆனால் குடிக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார். கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டால் மலைக்குப் போய்வரும் வரை தொட மாட்டார், நான் எட்டு வருடமாகப் பார்க்கிறேன். அவருக்கு மன உறுதி கார்த்திகையில் மட்டும் எங்கிருந்து வருகிறது என்று முன்பெல்லாம் நினைப்பேன். மாலை கழுத்தில் தெரிகிறது, டீக்கடைக்காரர் முதல் எம்டி வரை எல்லாரும் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள், கடைசி நாள் எது என்றும் தெரியும். ஊர்த் திருவிழாவுக்குக் காப்பு கட்டினால் அவிழ்க்கிற வரை ஊரைத் தாண்டாமல் இருப்பதும் இதே மாதிரிதான். அந்த வலு அவருக்குள் மட்டும் இல்லை, சுற்றி இருப்பவர்களிடம் பங்கு போட்டு வைத்திருக்கிறார். நானும் ஆபீஸில் நாலு பேரிடம், வீட்டில் எல்லாரிடமும், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ரீல்ஸ் இல்லை, நம்பர் அக்காவிடம் என்று சொல்லிவிட்டேன். மாலை போடுகிற அந்த ஆபீஸ்காரர் என்னைப் பார்த்தால் "எத்தனாவது நாள்?" என்று கேட்பார். 48 முடிந்ததும் இன்னொரு மண்டலம் போட்டேன்.

நடுவில் தவறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மார்கழியில் ஒரு வாரம் தூக்கம் வராமல் ஹாலில் டிவியில் யூடியூப் போட்டு இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். போனை எண்ணினேன், டிவியை எண்ணவில்லை. இப்போது டிவியில் அந்த ஆப்பை எடுத்துவிட்டோம், அம்மாவுக்குச் சீரியல் கேபிளிலேயே வருகிறது.

அக்காவுக்கு நான் போன் செய்தது மொத்தம் மூன்று தடவை. முதல் தடவை காரணம் சொல்ல வாயெடுத்ததுமே எனக்கே அது காரணமாகத் தோன்றவில்லை, "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன், அவளும் தெரிந்துகொண்டு கேட்காமல் விட்டாள், கால் மணி நேரம் அவள் வீட்டுக் கதை எல்லாம் பேசினோம். இரண்டாம் தடவை "அம்மா தூங்கிட்டாங்களா? போனை அம்மாகிட்ட குடு, நான் அவங்ககிட்ட நம்பர் சொல்றேன்" என்றாள். அம்மாவை எழுப்பி இதைச் சொல்ல வேண்டுமா என்று வைத்துவிட்டேன். மூன்றாவது, சிங்கப்பூரில் சித்தப்பா மகள் கல்யாணம், யூடியூபில் நேரலை, அது நிஜமான காரணம். அக்கா நம்பரைச் சொன்னாள். எல்லாரும் சேர்ந்து பார்த்தோம், தாலி கட்டும்போது அம்மா இங்கிருந்தே அட்சதை போட்டார்.

மருமகன் ஒரு கேள்வி கேட்டான், அதை விட்டுவிட முடியவில்லை. "எனக்கு ரெண்டு வருஷமா பூட்டு இருக்கு, மாமாவுக்கும் போட்டாச்சு, அம்மாவுக்கு யார் போடுவா?" அக்கா அப்போது பதில் சொல்லவில்லை. பொங்கலுக்கு நாங்கள் போனபோது தானாகவே போனை என் மனைவியிடம் கொடுத்து, "நாலு நம்பர் போடு" என்றாள். அதற்கப்புறம் அவன் ராத்திரி நேரம் கேட்டு நச்சரிப்பது குறைந்திருக்கிறது என்று சொல்கிறாள். பிள்ளைகளுக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாம் உருட்டிக்கொண்டிருந்தால் அவர்கள் தாண்டத்தான் செய்வார்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அம்மாவுக்கு இடது கண்ணும் இந்த மாதம் எடுத்தாயிற்று. இது இரண்டாவது வாரம், ஐந்து வேளை. பத்து மணிச் சொட்டு மறுபடி என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வருகிறாள், முதல் வேலையாக நம்பரை மாற்றச் சொல்ல வேண்டும். கல்யாணத்தன்று அவள் சொன்ன நாலு எண்ணும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.